பட்டம் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு விசையின் திருப்பம் ஏன் விளங்கவில்லை? – வட மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், யாழ் மாவட்டத்தின் ஐந்து வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், கணித, விஞ்ஞான, தொழினுட்பப் பாடங்களின் ஆசிரிய ஆலோசகர்களுக்கும், அதிபர்மாருக்கும்,

வணக்கம். நான் வடமராட்சியில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர். நேரே விசயத்துக்கு வருகிறேன். தரம் 6 முதல் 9 வரை எங்கள் நேரசூசியில் ஏற்கெனவே இருக்கிற செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடவேளையை, தவணைக்கு ஒரு வேலைக்காவது, கணிதத்தோடும் விஞ்ஞானத்தோடும் சேர்த்து நடத்த எங்களுக்கு அனுமதியும் வழிகாட்டலும் தாருங்கள். பிள்ளைகள் ஒரு பொருளைத் திட்டமிட வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும், சரிவராவிட்டால் ஏன் என்று கண்டுபிடித்துத் திருத்தி மறுபடி செய்ய வேண்டும். பொறியியலாளர்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். இதற்குப் புதுப் பாடமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. தனித்தனியாகக் கிடக்கிற மூன்று பாடங்களை ஒரு மேசையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியும். உருளையின் கனவளவு என்ன என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் கை உயர்த்துவார்கள். ஆனால் வீட்டுக் கிணற்றில் இப்போது எத்தனை லீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கிணறும் உருளைதான். விட்டத்தை அளக்கலாம், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழத்தை அளக்கலாம். 3.6 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணீரும் என்றால் கிட்டத்தட்ட 20,000 லீற்றர். இந்த எண் பயிற்சிக் கொப்பியில் வந்தால் விடை, வீட்டில் வந்தால் சித்திரை வைகாசி வெயிலில் தோட்டத்துக்கு எத்தனை நாள் இறைக்கலாம் என்ற தீர்மானம். கொப்பியில் இருப்பதும் கிணற்றில் இருப்பதும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தெரியாமலே பதினொரு வருசம் பள்ளிக்கூடம் போய் முடிகிறது.

பட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இது நான் வகுப்பில் வைத்துப் பார்த்த விசயம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் என்னென்ன ஏறுகிறது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே போட்டிக்கு வருகிற பட்டங்களைக் கட்டுகிற பொடியன்கள் பலர் பள்ளிக்கூடம் போகிறவர்கள் அல்லது அண்மையில் விட்டவர்கள். அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு, முச்சையின் (பட்டத்தை ஏற்றுகிற நூலோடு இணைக்கிற கட்டின்) முடிச்சை மேலே ஏற்றினால் என்ன, கீழே இறக்கினால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மேலே ஏற்றினால் பட்டம் காற்றுக்குச் சாய்ந்து கொடுத்துத் தலைக்கு மேலே போகும், கீழே இறக்கினால் முகத்தைக் காட்டிக்கொண்டு நூலை இழுத்துக் கையை அறுக்கும் என்று விளக்கமாகச் சொல்லுவான். காற்றின் தள்ளல், பட்டத்தின் நிறை, நூலின் இழுவை, இந்த மூன்றும் முடிச்சைச் சுற்றிச் சமப்படுகிற இடத்தை அவன் விரலால் தேடிப் பிடிக்கிறான். அதே பொடியனுக்குத் தரம் 10 விஞ்ஞானத்தில் விசையின் திருப்பம் (ஒரு புள்ளியைச் சுற்றி விசை எவ்வளவு திருப்புகிறது என்பது) வரும்போது, கோலின் நடுவில் ஒரு முக்கோணத்தை வரைந்து இந்தப் பக்கம் இத்தனை நியூற்றன், அந்தப் பக்கம் இத்தனை நியூற்றன் என்று கரும்பலகையில் எழுதினால் கண் மங்கிப்போகிறது. அவன் கையில் இருக்கிற அறிவுக்குப் பாடப்புத்தகத்தில் என்ன பெயர் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தரம் 9 பிள்ளைகளோடு நான் செய்தது இதுதான். இரண்டு அடிப் பட்டம் ஒன்று நன்றாகப் பறக்கிறது. அதை அச்சொட்டாக மூன்று அடிக்குப் பெருப்பித்தால் பறக்குமா? எல்லோரும் பறக்கும் என்றார்கள். சரி, கட்டுவதற்கு முதல் கணக்குப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு நீளமும் ஒன்றரை மடங்கு. அப்போது கடதாசியின் பரப்பளவு 2.25 மடங்கு, காற்று பிடிக்கிற இடமும் 2.25 மடங்கு. மூங்கில் சிலாகையின் நீளம், அகலம், தடிப்பு மூன்றும் ஒன்றரை மடங்கு ஆனால் அதன் நிறை 3.375 மடங்கு. இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் கொப்பியில் வந்து நின்றபோது வகுப்பு ஒருக்கால் அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு பிள்ளை, "அப்ப சிலாகையை மெல்லிசாச் சீவினால் சரிதானே ரீச்சர்" என்றாள். இன்னொருத்தி, "மெல்லிசாச் சீவினால் காத்துக்கு முறியுமெல்லே" என்றாள். இதைவிட நல்ல பொறியியல் கேள்வி எனக்குத் தெரியவில்லை. பாரம் குறைய வேண்டும், பலம் குறையக்கூடாது, இரண்டும் ஒன்றாக வராது, எங்கே நிற்பது?

ஆய்வுகூடத்துக்குப் போனோம். இரண்டு மேசைக்கு இடையில் சிலாகையை வைத்து நடுவில் நிறைப்படிகளைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளவுகோலால் பார்த்தோம். ஒரே சிலாகையைத் தட்டையாக வைத்தால் நன்றாக வளைகிறது, நிமிர்த்தி விளிம்பில் வைத்தால் வளைவு அரைவாசியை விடக் குறைந்துபோகிறது. அகலம் தடிப்பைப்போல இரண்டு மடங்கு என்றால் நிமிர்த்தி வைத்த சிலாகை கணக்கின்படி நாலு மடங்கு விறைப்பாக நிற்க வேண்டும். எங்கள் மூங்கில் ஒரே சீராக இல்லாதபடியால் எண்கள் அச்சொட்டாக வரவில்லை, வராததும் ஒரு பாடம். பின்னால் இருந்த ஒருவன், எங்கள் வீட்டுக் கூரையில் பனஞ்சிலாகை எல்லாம் நிமிர்த்தித்தானே வைத்திருக்கிறார்கள் என்றான். அவன் கணிதப் பாடத்தில் வாய் திறந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஒரு தச்சு ஆசாரியாருக்குக் காலங்காலமாகத் தெரிந்ததை, வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை தன் வீட்டிலிருந்து எடுத்து வந்து கணக்கோடு பொருத்தினான். அந்த இரட்டைப் பாடவேளையில் விகிதசமனும் சுட்டிகளும் பரப்பளவும் கனவளவும் வந்துபோயின. மூன்று கிழமை கரும்பலகையில் படிப்பித்தாலும் அதே அளவு விளங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

தரம் 11 பிள்ளைகளோடு இதையே திரிகோணகணிதத்துக்கு எடுக்கலாம். பாகைமானியில் நூலைக் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கிற கருவி ரெடி. 100 மீற்றர் நூல் விட்டிருக்கிறோம், கோணம் 50 பாகை, அப்போது உயரம் கிட்டத்தட்ட 77 மீற்றர். உடனே அடுத்த கேள்வி: நூல் நேர்கோடா? இல்லை, தொய்ந்து வளைகிறது. அப்போது உண்மையான உயரம் கூடவா, குறையவா? பரீட்சை வினாத்தாளில் நூல் எப்போதும் நேர்கோடுதான். இந்த வேறுபாட்டை ஒரு தடவை கண்ட பிள்ளை, கணக்கு என்பது உலகத்தின் ஒரு சுருக்கமான படம், அதில் எதை விட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ளும். பட்டத்தில் ஒலி எழுப்புகிற விண் கட்டுகிறவர்களுக்கு, அதன் நாடாவை இழுத்துக் கட்டினால் சுருதி கூடும் என்று தெரியும், அங்கே ஒலியும் அதிர்வெண்ணும் இருக்கிறது. (ஒன்று சொல்லாமல் விட முடியாது: மின்கம்பிக்குக் கிட்ட ஏற்றக்கூடாது, உலோகக் கம்பி பாவிக்கக்கூடாது என்பது பாடத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.)

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு எதையாவது செய்யக் கொடுத்தால் கணிதமும் விஞ்ஞானமும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கண்காட்சிகளில் ஐஸ்பழக் குச்சியால் செய்த பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். வடிவாக இருக்கும், வர்ணம் அடித்திருக்கும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் இது எத்தனை கிலோ தாங்கும், ஏன் முக்கோணம் முக்கோணமாக வைத்தீர்கள் என்று கேட்டால் பதில் இராது. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலம் 2001 இலேயே பொறியியலைப் பாடசாலைக் கலைத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது, 2013 இல் வந்த அடுத்த தலைமுறை விஞ்ஞான நியமங்கள் பொறியியல் வடிவமைப்பை விஞ்ஞானத்தோடு சேர்த்தே வைத்தன. ஆனால் இடையில் 2009 இல் அங்கேயுள்ள தேசியப் பொறியியல் கல்விக்கழகமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை நேர்மையாகவே சொன்னது: பொறியியல் பாடங்கள் விஞ்ஞான, கணிதக் கற்றலுக்கு உதவக்கூடும் என்பதற்கு அறிகுறிகள் இருக்கின்றன, ஆனால் சான்றுகள் இன்னும் குறைவு, அதிலும் பல பாடத்திட்டங்களில் கணிதம் தரவு சேர்க்கவும் வரைபு கீறவும் மட்டுந்தான் பயன்படுகிறது, வடிவமைப்பைத் தீர்மானிக்கப் பயன்படுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கணக்கு, செய்த பொருளுக்கு மேலே பிறகு ஒட்டுகிற லேபலாக இருந்தால் பிரயோசனமில்லை. எண் வந்த பிறகுதான் கத்தரிக்கோல் எடுக்க வேண்டும். எந்தத் தடிப்பு, எந்த நீளம், எத்தனை சுற்று என்பதை அந்த எண் தீர்மானிக்க வேண்டும், பிறகு சோதனை அந்த எண் சரியா பிழையா என்று சொல்ல வேண்டும். நான் கேட்கிற முழு விசயமும் இந்த ஒழுங்குக்குள் அடங்கிவிடும்.

அதனால்தான் ரோபோ பெட்டிகளைப் பற்றியும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள் ஊரை நினைத்து, பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று உழைத்த காசைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த அன்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் காசில் வாங்குகிற விலை கூடிய பெட்டிகள் பல இடங்களில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கின்றன. ஒரு துண்டு துலைந்தால் எங்கே வாங்குவது என்று அதிபர் பயப்படுகிறார், திறப்பு யாரிடம் என்று ஆசிரியருக்குத் தெரியாது, போட்டிக்குப் போகிற ஐந்தாறு பிள்ளைகள் மட்டும் தொடுகிறார்கள். மற்ற முந்நூறு பிள்ளைகளுக்கு அது கண்காட்சிப் பொருள். பழைய மாணவர் சங்கங்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அதே காசில் ஒவ்வொரு பாடசாலைக்கும் நல்ல தராசு இரண்டு, மல்ரிமீற்றர் பத்து, நாடா அளவுகோல், கைவாள், நிறுத்தற் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். தேய்ந்தால், உடைந்தால் யாழ்ப்பாணம் ரவுணிலேயே வாங்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் கை படும். மிச்சக் காசில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதுசு இல்லை என்பதையும் ஞாபகப்படுத்த விரும்புகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடையாது, மின்சாரம் கிடையாது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்னில் ரேடியோச் செய்தி கேட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் வைத்து விளக்கு எரித்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார்சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உதைத்து எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவை ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் கிடக்கிறது. டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம், இடையில் இருவாயி (டயோட்) ஏன் வேண்டும்? பெற்றோலில் எழும்புகிற இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெயில் ஏன் எழும்பாது? ஆவியாதல் பற்றிய இந்தக் கேள்வியைத் தரம் 10 பிள்ளையிடம் கேட்டுவிட்டு, வீட்டில் அம்மப்பா, அப்பப்பாவிடம் விசாரித்துவரச் சொல்லுங்கள். பிள்ளை நிறையக் கதையோடு வரும். பழைய டைனமோ ஒன்று இன்றைக்கும் எந்தச் சைக்கிள் கடையிலும் பழைய சாமான்களுக்குள் கிடைக்கும். மல்ரிமீற்றரைப் பொருத்தி, மெதுவாகச் சுற்றினால் எத்தனை வோல்ற்று, வேகமாகச் சுற்றினால் எத்தனை வோல்ற்று என்று வரைபு கீற ஒரு பாடவேளை போதும்.

அந்தச் சைக்கிளே ஒரு பாடந்தான். முன் சக்கரப்பல்லில் 48 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சில்லு 2.67 சுற்று. 28 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீற்றர், ஆகவே ஒரு மிதிக்கு ஆறு மீற்றருக்குக் கிட்டப் போகலாம். பிள்ளைகள் பல்லை எண்ணட்டும், கணக்குப் பார்க்கட்டும், பிறகு மைதானத்தில் வெண்கட்டியால் கோடு போட்டு உருட்டிப் பார்க்கட்டும். விகிதம் படிப்பிக்க இதைவிட மலிவான உபகரணம் இல்லை, பாதிப் பிள்ளைகள் காலையில் அதில்தான் வருகிறார்கள்.

தவணைக்கு ஒன்று என்று கேட்டேன் அல்லவா, அது எங்கள் காலநிலைக்கே பொருந்துகிறது. முதலாம் தவணையில் வாடைக்காற்று இருக்கும்போது பட்டம். இரண்டாம் தவணையில் சோளகம் வீசி நிலம் காய்கிற காலத்தில் தண்ணீர். மூன்றாம் தவணையில் மாரி மழைக்குக் கூரைநீர்.

இரண்டாம் தவணை வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் தண்ணீரைவிடப் பெரிய விசயம் வேறில்லை. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைநீரைத்தான் பெரும்பாலும் குடிக்கிறோம், அது கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1,000 கிலோகிராம், கடல்நீருடையது சுமார் 1,025. இந்த இரண்டு எண்ணையும் வைத்து அமுக்கத்தைச் சமப்படுத்தினால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்று வரும். இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி, அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்புத் தண்ணீர் காலப்போக்கில் நாலு மீற்றர் மேலே வரும். தரம் 10, 11 பிள்ளைக்கு இது முழுக்க விளங்கக்கூடிய கணக்கு. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம், அடி தெரியாத கிணறு என்று கதை சொல்கிறோம், மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதற்கான காரணத்தைக் கணக்காகச் சொல்லாமல் பஸ்சில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்று 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வகுத்ததும், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் நிற்பதும் இதே கணக்குக்காகத்தான். தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து தினமும் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தக் கதவுகள் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

சின்ன வகுப்புகளுக்கு வீட்டுத் தண்ணீர்த் தாங்கி போதும். 1,000 லீற்றர் தண்ணீரைப் பத்து மீற்றர் உயர்த்த 100,000 யூல் சக்தி வேண்டும். வீட்டு மோட்டர் ஒரு குதிரைவலு என்றால் அது 746 வாற்று. கணக்கின்படி இரண்டே கால் நிமிடத்தில் தாங்கி நிரம்ப வேண்டும். வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னால், பிள்ளைகள் அடுத்த நாள் கணக்குப் பிழை என்று சண்டைக்கு வருகிறார்கள், பல மடங்கு நேரம் எடுத்ததாம். கணக்கு பிழையில்லை. மிச்சச் சக்தி எங்கே போனது? குழாயின் உராய்வு, வளைவுகள், மோட்டரின் சூடு, கால்வால்வில் (கிணற்றுக்குள் இருக்கிற குழாயின் அடி வால்வில்) கசிவு. வினைத்திறன் என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகம் கொடுக்கிற வரைவிலக்கணத்தை அதற்குப் பிறகு பாடமாக்கவே தேவையில்லை. மின்பட்டியல் கூடுதலாக வருகிறது என்று அம்மா கவலைப்படுகிற வீட்டில் அந்தப் பிள்ளை போய் கால்வால்வை மாற்றச் சொல்லும்.

கூரைநீர் இன்னும் சுலபம். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் 100 லீற்றர். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல மழை நாளில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர் பீலியால் ஓடி ஒழுங்கைக்குப் போகிறது. பாடசாலைக் கூரையை அளந்து, ஒரு மழைமானி செய்து வைத்து, பீலி எவ்வளவு அகலம் வேண்டும், தாங்கி எவ்வளவு பெரிது வேண்டும் என்று பிள்ளைகள் அதிபருக்கு ஒரு அறிக்கை எழுதட்டும். அதிபர் அதை வாசித்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைக்கட்டும். பிள்ளையின் கணக்கு ஒரு கூட்டத்தில் பெரியவர்களால் வாசிக்கப்பட்டால் அந்தப் பிள்ளை கணிதத்தை விட்டு ஓடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். இதைச் செய்தால் பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்று சொல்வீர்கள், சொல்ல வேண்டியதுதான், எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் இது மேலதிக வேலையாக வரக்கூடாது. தரம் 9இல் விகிதசமன் படிப்பிக்க வேண்டிய பாடவேளைகளில் இரண்டை எடுத்து, தொழினுட்பத் திறன் ஆசிரியரின் இரண்டோடு சேர்த்தால் ஒரு முழு வேலை முடிகிறது. நேரசூசியில் இந்த இரண்டு பாடமும் அடுத்தடுத்து வர வேண்டும், அதை அதிபர் ஆண்டுத் தொடக்கத்தில் ஒழுங்கு செய்தால் போதும். புள்ளி எங்கே போடுவது என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்றை ஏற்கெனவே செய்கிறோம். பல இடங்களில் அது தாள் நிரப்புகிற சடங்காகப் போய்விட்டது. இந்த வேலையையே மூன்று பாடத்துக்கும் கணிப்பீடாக எடுக்கலாம் என்று வலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால், ஆசிரியருக்கு வேலை குறையும், கணிப்பீட்டுக்கும் உயிர் வரும்.

கணிப்பீடு செய்யும்போது தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். முதல் தடவை சரியாக வந்ததா என்று பார்த்துப் புள்ளி போட வேண்டாம். முதல் முயற்சி ஏன் சரிவரவில்லை என்று எழுதியதற்கும், இரண்டாவதில் என்ன மாற்றினார்கள், மாற்றியதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதற்கும் புள்ளி போடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்தே பிழை விட்டால் எல்லாம் போச்சு என்ற பயத்தில் வளர்கிறார்கள். அழிறப்பரால் அழித்துவிட்டுச் சரியான விடையை மட்டும் காட்டுகிற பழக்கம் அவர்களுக்கு ஊறிப்போயிருக்கிறது. விஞ்ஞானத்துக்கு அந்தப் பழக்கம் விசம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். கலவன் பாடசாலையில் குழுவாகப் பிரித்து விட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? பொடியன்கள் வாளையும் சுத்தியலையும் எடுத்துக்கொள்கிறார்கள், பெட்டையளிடம் கொப்பியைக் கொடுத்து வடிவாக எழுதச் சொல்கிறார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடிகிறது. அதற்குப் பிறகு, பெண்பிள்ளைகள் பொறியியலுக்கு வருவது குறைவு என்று மேடையில் கவலைப்படுகிறோம். ஆகவே வழிகாட்டலிலேயே எழுதுங்கள்: அளப்பவர், வெட்டுபவர், கணக்குப் பார்ப்பவர், எழுதுபவர் என்ற பொறுப்புகள் சுற்றில் மாற வேண்டும். மகளிர் பாடசாலைகளிலும் தொழினுட்பத் திறன்கள் பாடத்தைத் தையலும் அலங்காரமுமாக மட்டும் சுருக்க வேண்டாம். (தையலிலும் நல்ல கேத்திரகணிதம் இருக்கிறது, அதைக் கணிதமாகவே படிப்பிக்கலாம், அது வேறு கதை.)

பயிற்சிக்கு ஆள் எங்கே என்று கேட்டால், எங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, பளையில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனால் அவர்களை மட்டும் அழைத்தால் போதாது. மோட்டர் திருத்துகிறவரும், பட்டம் கட்டுகிறவரும், தச்சு வேலை செய்கிறவரும், மயிலிட்டியிலோ குருநகரிலோ வள்ளம் கட்டத் தெரிந்தவரும் வகுப்புக்குள் வர வேண்டும். வந்து தங்கள் வேலையைக் காட்டட்டும், அதற்குள் இருக்கிற கணக்கைக் கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். தன் தகப்பனை ஒரு நாள் அதிபர் கைகூப்பி வகுப்புக்குக் கூட்டிவருவதைக் காண்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று நினைத்துப் பாருங்கள்.

தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் ஆசிரியர் பற்றாக்குறையோடு நடக்கிற சின்னப் பாடசாலைகளை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். பெரிய பாடசாலைகளுக்கு எப்படியும் வழி கிடைக்கும். சின்னப் பாடசாலையில் ஒரே ஆசிரியர் கணிதமும் விஞ்ஞானமும் எடுக்கிறார் என்றால், அவருக்கு இரண்டையும் சேர்ப்பது உண்மையில் சுலபம். மூங்கிலும் நூலும் போத்தலும் பழைய சைக்கிளும் நெடுந்தீவிலும் கிடைக்கும்.

ஆக, இந்த ஆண்டுக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வலயத்தில் ஐந்து பாடசாலைகளைத் தெரிந்தெடுங்கள். கணிதம், விஞ்ஞானம், தொழினுட்பத் திறன்கள் மூன்றுக்குமான ஆசிரிய ஆலோசகர்களை ஒரே நாளில் ஒரே அறையில் இருத்தி, தரம் 8க்கும் 9க்கும் மூன்று வேலைகளை எழுதுவியுங்கள், ஒவ்வொன்றிலும் எந்தக் கணிதப் பாட அலகு, எந்த விஞ்ஞான அலகு வருகிறது என்பது பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தொடங்க முதல் பிள்ளைகளுக்கு அந்த அலகுகளில் ஒரு சிறு சோதனை வையுங்கள், தவணை முடிய அதே மாதிரி இன்னொன்று வையுங்கள், இந்த முறையில் படிக்காத பக்கத்து வகுப்புக்கும் சேர்த்து. முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. இருந்தால் அடுத்த ஆண்டு மற்ற வலயங்களுக்குக் கொண்டுபோகலாம்.

அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர்களும் தொழினுட்பத் திறன் ஆசிரியரும் சம்மதித்துவிட்டோம், அதிபரும் நேரசூசியை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வலயத்திலிருந்து அனுமதிக் கடிதம் ஒன்று வர வேண்டும். அடுத்த ஆண்டு நேரசூசி தயாரிக்க முதல் அது கைக்குக் கிடைக்க ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஒரு கணித ஆசிரியை